சூப்பர்ஹீரோவுக்கு எந்தச் சீட்டு? வேலூர்ப் படக்கதைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் கூடிப் படக்கதை வரைகிறோம். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் செவிலியர் ஒருவர் என்று கலவையான கூட்டம். அவரவர் சொந்தமாக உருவாக்கிய சூப்பர்ஹீரோவுக்கு ஒரு டாரட் சீட்டைப் பொருத்தி, அந்தச் சீட்டின் பொருளை வைத்துக் கதையைத் திருத்துவது எங்கள் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். இதிலுள்ள பிடிவாதங்கள் என்னுடையவை. மற்றவர்களைப் பொறுப்பாக்க வேண்டாம்.

டாரட் என்றால் ஜோசியம் அல்லவா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லையே.

நம்பிக்கை தேவையில்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. மிலான் நகரப் பிரபுக்கள் பொன்தகடு பதித்த சீட்டுகளை ஓவியர்களிடம் சொல்லிச் செய்து வாங்கி விளையாடினார்கள். அதை வைத்துக் குறி சொல்லும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. 1781இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. கதை நன்றாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது.

படக்கதைக்காரருக்கு வேண்டியது இதில் வேறொன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பலரும் ஏற்றுக்கொண்ட ஒரு பொருள் உண்டு. உங்கள் கதாபாத்திரத்தை அந்தப் பொருளுக்கு எதிரே நிறுத்தினால், நீங்கள் அவரைப் பற்றி யோசிக்காமல் விட்டது எது என்று தெரிந்துவிடும். மற்றபடி, நாளைக்கு உங்களுக்கு என்ன நடக்கும் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். தேர்வு முடிவு கேட்டு வராதீர்கள்.

மொத்தம் எத்தனை சீட்டுகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

78. இவற்றில் 22 பெரிய சீட்டுகள். 0 என்று எண்ணிட்ட முட்டாளில் தொடங்கி 21ஆவதான உலகத்தில் முடியும். மீதி 56 சிறிய சீட்டுகள். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம், இனத்துக்கு 14. ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், அப்புறம் ஏவலாள், குதிரை வீரன், அரசி, அரசன். தொடக்கத்தில் பெரிய சீட்டுகள் மட்டும் போதும். மனப்பாடம் வேண்டாம். படத்தை நன்றாகப் பாருங்கள்.

எந்தச் சீட்டுக்கட்டை அடிப்படையாக வைத்துக்கொள்கிறீர்கள்?

1909இல் லண்டனில் வெளியான கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார். பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தார். அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் சிறிய சீட்டுகளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்கும். மூன்று வாள் என்றால் மூன்று வாள்கள், அவ்வளவுதான். ஸ்மித் அந்தச் சீட்டுகளிலும் மனிதர்களை நிறுத்திக் காட்சிகளாக்கினார். ஒரே கட்டத்துக்குள் ஒரு கதை. எங்களைப் பொறுத்தவரை அவர் படக்கதைக்காரர்தான். வேலை பெரியது, பணமோ சொற்பம் என்று அவரே ஒரு கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். இந்தத் தொழிலில் அது மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஒரு எச்சரிக்கை. பிரான்சில் புழங்கிய பழைய மார்செய் கட்டில் நீதி 8, வலிமை 11. வெயிட் இரண்டையும் இடம் மாற்றி வலிமையை 8 ஆகவும் நீதியை 11 ஆகவும் வைத்தார். எட்டாம் எண்ணுக்காக இரண்டு பேர் சண்டை போட்டால், முதலில் யார் கையில் எந்தக் கட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

என் ஹீரோ கையிலிருந்து நெருப்பு வரும். சூரியன் சீட்டைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், பயன் இருக்காது. சீட்டு ஒருவருடைய திறமையைச் சொல்வதில்லை. அவர் எந்த நிலையில் நிற்கிறார், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே சக்தியை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இத்தனை சக்தி இருந்தும் இவர் எதைச் செய்யாமல் தட்டிக் கழிக்கிறார்? விடை கிடைத்ததும் சீட்டு தானாக வரும்.

வலிமை சீட்டையே பாருங்கள். மலையைத் தூக்கும் ஹீரோக்கள் எல்லாரும் அதற்குத்தான் வரிசையில் நிற்பார்கள். ஆனால் படத்தில் இருப்பது யார்? பூமாலை சூடிய ஒரு பெண், சிங்கத்தின் வாயை மெல்ல மூடிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் முறுக்கு இல்லை, கையில் ஆயுதம் இல்லை. எங்கள் கூட்டத்துச் செவிலியர் உருவாக்கிய நாயகிக்குப் பெரிய சக்தி எதுவும் கிடையாது. வார்டில் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பயப்படுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்தால் அந்தப் பயம் இவள் உடம்புக்கு வந்துவிடும். விடியும்வரை அதைச் சுமந்துகொண்டு மற்றவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும். வலிமை அவளுக்குத்தான் போனது. யாரும் மறுக்கவில்லை.

அதே சீட்டைக் கேட்டு வந்த ஹீரோ இன்னொருவன். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞன். அடிபட அடிபட உடம்புத் தோல் கடினமாகும். கத்தி இறங்காது. நல்ல யோசனைதான், ஆனால் அவன் எதைத் தட்டிக் கழிக்கிறான் என்று கேட்டபோது வரைந்தவரிடம் பதில் இல்லை. அப்புறம் தோல் பதனிடுவது எப்படி என்று பேசினோம். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சுண்ணாம்பை எடுத்து, அதன்பிறகுதான் பட்டைச் சாற்றிலோ குரோமியத்திலோ பதப்படுத்துகிறார்கள். எந்தக் கட்டத்திலும் அவசரப்பட முடியாது; கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். அவசரக்காரனான இந்த ஹீரோ தேவைக்கு மேல் அடி வாங்கிக்கொண்டே போகிறான், கடைசியில் குழந்தையைத் தொட்டாலும் விரலுக்குத் தெரியவில்லை. அவனுக்கு 14, நிதானம்: ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் தரையிலும் வைத்து, இரண்டு கோப்பைகளுக்கு இடையே நீரை மாற்றி மாற்றி ஊற்றும் தேவதை.

அப்படியானால் சூரியன் சீட்டு யாருக்கு? இந்த ஊர் வெயிலை எப்படி மகிழ்ச்சி என்பது?

நியாயமான கேள்வி. அந்தச் சீட்டில் வெள்ளைக் குதிரைமேல் ஒரு குழந்தை, பின்னால் சூரியகாந்திப் பூக்கள். ஒளிவுமறைவற்ற மகிழ்ச்சி என்று பொருள். வரைந்தது லண்டனில். அங்கே வெயில் வந்தால் கொண்டாட்டம். கத்திரி வெயிலில் வேலூரில் பதினோரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடக்காது. இங்கே அந்தப் படத்தைக் காட்டி ஆனந்தம் என்றால் யார் ஒப்புவார்கள்?

பொருளை மாற்றிவிடலாம் என்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. பொருள் இருக்கட்டும், காலத்தை மாற்றுங்கள். மார்கழிக் காலையில் திண்ணையில் கிழவிகளும் பிள்ளைகளும் உட்கார்ந்து வெயில் காய்வார்களே, அந்த வெயிலை வரையுங்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படித்தான் வரைந்தாள். அவளுடைய ஹீரோ எட்டு வயதுப் பையன். பொய் சொன்னால் உடம்பு ஒளிரும். எதையும் மறைக்க முடியாத சிறுவன் ஊருக்குள் நடந்தால் எத்தனை பெரியவர்கள் தெருவை மாற்றிக்கொண்டு போவார்கள், யோசித்துப் பாருங்கள். அதே சீட்டைத் தலைகீழாக வைக்கும்போது மே மாதத்தைக் கொண்டுவந்தாள்: ஒளியே தண்டனையாகும் மாதம். நெருப்பு ஹீரோ வைத்திருப்பவர் இதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஒரு கதாபாத்திரத்தைத் தொடக்கத்திலிருந்து பொருத்திக் காட்ட முடியுமா?

‘ஊற்றுக்கண்’ என்ற நாயகியை எடுத்துக்கொள்ளலாம். பாலாற்றங்கரைக் கிராமத்துப் பெண். ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும், ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடுகிறது. தோண்டினால் ஊற்று. இவள் வெறுங்காலோடு மணலில் நடந்தால் நீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும். கூப்பிட்டால் மேலே வரும்.

முதலில் வந்த யோசனை கோப்பை அரசி. தண்ணீர் என்றதும் எல்லாரும் கோப்பைக்குப் போகிறார்கள். அடுத்து நிதானம், அதிலும் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக. இரண்டும் சக்தியைப் பார்த்துச் சொன்னவை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டோம். இவள் எதைச் செய்ய மறுக்கிறாள்? எங்கே ஊற்று இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மறுக்கிறாள். காரணம் உண்டு. முதல் தடவை சொன்னாள், ஊர் குடித்தது. அடுத்த வாரம் அதே இடத்துக்கு மணல் லாரிகள் வந்தன. இரண்டாம் தடவை சொன்னாள், யாரோ பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சிவிட்டார்கள். மூன்றாம் தடவை ஊமையாகிவிட்டாள். தண்ணீரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தாகத்தோடு இருப்பவர்களைப் பார்த்தபடி நடக்கிறாள்.

இது நம்பிக்கை இழந்தவரின் கதை. ஆகவே 17, நட்சத்திரம். அந்தப் படத்தில் ஒரு பெண் மண்டியிட்டு, ஒரு குடத்து நீரைக் குளத்திலும் இன்னொரு குடத்து நீரைத் தரையிலும் ஊற்றுகிறாள். மண்ணில் ஊற்றுவது வீண் என்று அவள் கணக்குப் பார்ப்பதில்லை. ஊற்றுக்கண் கணக்குப் பார்க்கிறவள், அதனால் கதை தொடங்கும்போது அவள் தலைகீழ் நட்சத்திரம். நேராகத் திரும்புவதுதான் மொத்தக் கதையும்.

சீட்டு முடிவானதும் எதிர்பாராத இன்னொன்றும் கிடைத்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதைக் கதைக்குள் கொண்டுவர வரைந்தவருக்கு ஆசை. ஆனால் ஆறு நிறைய ஓடும்போது மணலுக்கு அடியில் நீர் தேடும் சக்தியால் என்ன பயன்? அந்த ஒரு வாரம் அவள் சாதாரணப் பெண். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அந்த வாரத்தில்தான் முதன்முதலாக, தானே போய், கரையோர வீட்டுக்காரர்களை மேட்டுக்கு ஏற்றுகிறாள். முகமூடி இல்லை, சக்தி இல்லை. எனக்கு அந்த அத்தியாயம்தான் மிகவும் பிடிக்கும்.

தொங்கும் மனிதன் சீட்டுக்கு ஹீரோ இருக்க முடியுமா? அவன் ஒன்றுமே செய்வதில்லையே.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வரக் கூடாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அர்ஜுனன் தபசு பார்த்ததில்லையா? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும் விழாவில், ஒரு நாள் உயரமான பனைமரத்தை நட்டு வைப்பார்கள். அர்ஜுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். பாசுபதம் என்ற அஸ்திரம் பெறச் சிவனை நோக்கித் தவம். உச்சியில் நின்று பூவும் எலுமிச்சையும் கீழே வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பாரதத்தின் மிகப்பெரிய வில்லாளி அந்த நேரம் முழுவதும் வில்லைத் தொடுவதில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஒருவர்கூட வீட்டுக்குப் போவதில்லை.

12ஆம் சீட்டில் ஒருவன் உயிருள்ள மரத்தில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். முகத்தில் வலி இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். தானே விரும்பி நின்றுவிட்டவன், உலகத்தை வேறு கோணத்தில் பார்க்கிறவன் என்று பொருள்.

எங்களிடம் ‘தபசு’ என்றொரு ஹீரோ இருக்கிறார். பகலில் கைப்பேசி கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவர், விழாக் காலத்தில் கூத்தில் அர்ஜுனன் கட்டுகிறவர். உயரத்தில் நின்றால் சுற்றியிருக்கும் ஊர்களின் அழுகை எல்லாம் காதில் விழும். எந்த வீட்டில், யார், ஏன் என்பதுவரை தெரியும். கால் தரையில் பட்டதும் அத்தனையும் மறந்துவிடும். முதல் வரைவில் வரைந்தவர் இவரைப் பக்கத்துக்குப் பக்கம் குதிக்கவும் உதைக்கவும் விட்டிருந்தார். சீட்டைப் பார்த்த பிறகு சண்டைகள் எல்லாம் போயின. இப்போது கீழே ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறாள். அவர் மேலிருந்து கத்திச் சொல்கிறார், அவள் எழுதுகிறாள், ஊர்க்காரர்கள் போய் அந்தந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். இறங்கி வந்தால் அவருக்கு எதற்காக எல்லாரும் ஓடுகிறார்கள் என்றே தெரியாது. நன்றியைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஹீரோ.

கூத்து என்றால் கதையை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரனும் உண்டு. அவன் முட்டாள் சீட்டுக்குப் பொருந்துவானா?

இதில்தான் எங்களுக்குள் ஆண்டுக்கணக்காகச் சண்டை. கோமாளி உடை, கேலிப் பேச்சு, ராஜாவையே கிண்டல் செய்யும் துணிச்சல் எல்லாம் இருப்பதால் பெரும்பான்மை முட்டாள் பக்கம். நான் ஒத்துக்கொள்வதில்லை. முட்டாள் சீட்டில் இருப்பவன் மலை விளிம்பில் வானத்தைப் பார்த்தபடி அடுத்த அடி வைக்கப் போகிறான். கீழே பள்ளம் இருப்பது தெரியாது, நாய்க்குட்டி தாவித் தாவி நிற்கிறது. கட்டியங்காரனுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா? கதை எங்கே போய் முடியும் என்று மேடையில் இருப்பவர்களிலேயே அவனுக்குத்தான் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் துரியோதனன், இந்தப் பக்கம் நாம்; நடுவில் நின்று இருவரிடமும் பேசுகிறான். ஒரு கை வானத்தையும் ஒரு கை பூமியையும் காட்டி நிற்கும் மந்திரவாதி, சீட்டு 1, அவன்தான்.

முட்டாளுக்கு எங்கள் வேட்பாளர் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறான். கொல்கத்தாவிலிருந்து பாட்டியை மருத்துவத்துக்கு அழைத்து வரும் பதினாறு வயதுப் பையன். தமிழ் ஒரு சொல் தெரியாது. எந்தப் பூட்டிய கதவும் அவன் தொட்டால் திறந்துவிடும், அது தன் சக்தி என்பது அவனுக்கே தெரியாது. இந்த ஊரில் கதவுகளைப் பூட்டுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

வேலூர்க் கோட்டையை டவர் சீட்டாக வைக்கலாமா?

வைக்காதவர்களே இல்லை. மின்னல் தாக்கிய கோபுரம், தெறித்து விழும் கிரீடம், தலைகுப்புற விழும் இருவர். 16ஆம் சீட்டு. வேலூர்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 விடியற்காலையை அந்தப் படத்தில் பார்க்காமல் இருப்பது கடினம்: புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி தடை, தாடி தடை என்று வந்த உத்தரவுகளுக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது, ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்ததும் பகலுக்குள் எல்லாம் அடக்கப்பட்டது.

ஆனால் என் கருத்து இது: டவரை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், நாளுக்குக் கொடுங்கள். அது ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொரு ஹீரோவின் கதையிலும் ஒரு ஜூலை 10 இருக்கும். அதுவரை உறுதி என்று நம்பியது ஒரே காலையில் சரிந்திருக்கும். டவருக்கு அடுத்த எண் நட்சத்திரம் என்பதையும் கவனியுங்கள். வரிசையை யார் அமைத்தாரோ, கதை கட்டத் தெரிந்தவர்.

மற்ற உள்ளூர் இடங்கள்?

துறவி சீட்டுக்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். துறவியின் கைவிளக்கைக் கூர்ந்து பாருங்கள், உள்ளே எரிவது சுடர் அல்ல, நட்சத்திரம். 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் மலையில், சுற்றியுள்ள வெளிச்சத்தை உறிஞ்சி இருளைக் காவல் காக்கும் ஒரு கிழவரை வரைந்திருக்கிறோம். ஊர் விளக்குகளை அணைப்பதால் கீழே எல்லாரும் அவரைத் திருடன் என்கிறார்கள்.

நிலா சீட்டுக்குக் கோட்டை அகழி. படத்திலேயே இரண்டு கோபுரங்களும் நீர்நிலையும் அதிலிருந்து ஏறிவரும் நண்டு போன்ற பிராணியும் இருக்கின்றன, நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. இருபதாவது சீட்டான தீர்ப்புக்குக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைச் சொன்னவர் ஓவிய ஆசிரியர். தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லாமல் இருந்த கோயிலுக்கு 1981இல் லிங்கம் திரும்பி வந்தது. அழைப்பு கேட்டு எழுதல் என்ற பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார்.

வில்லனுக்கு மரணம் சீட்டுதானே?

இல்லை. மரணம் என்ற 13ஆம் சீட்டு முடிவையும் மாற்றத்தையும் குறிக்கிறது. குதிரைமேல் எலும்புக்கூடு வருகிறது, சரி. தூரத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே சூரியன் இருப்பதையும் பாருங்கள். எங்கள் மரண ஹீரோ ஓர் அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வடிவமைப்பவர். அவர் எதற்கு அஞ்சலி அச்சடிக்கிறாரோ அது செத்துவிடும். ஆட்களுக்கு அடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். பங்காளிச் சண்டைக்கு அடிப்பார், குடிப்பழக்கத்துக்கு அடிப்பார். ‘உங்கள் பிரிவால் வாடும்’ என்ற வரிக்குக் கீழே யார் பெயர்களைப் போடுவது என்பதுதான் அவருடைய சிக்கல், ஏனென்றால் பழகியதை இழந்தால் வாடுகிறவர்கள் உண்மையாகவே இருப்பார்கள்.

வில்லனுக்கு 15, சாத்தான். அந்தப் படத்தில் ஆணும் பெண்ணும் சங்கிலியில் கட்டுண்டு நிற்கிறார்கள், ஆனால் கழுத்து வளையம் தளர்வாக இருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம், போவதில்லை. அதனால் எங்கள் வில்லன் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. முன்பணம் கொடுக்கிறார். கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கிறார். பிள்ளைகளின் பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார். இவரை எந்த ஹீரோவாலும் அடிக்க முடியவில்லை, ஏனென்றால் ஊரே குறுக்கே வந்து நிற்கிறது.

தலைகீழ்ச் சீட்டு என்றால் நேர் எதிர்ப் பொருளா?

எப்போதும் அல்ல. தடைபட்டது, மிஞ்சிப்போனது, உள்ளுக்குள் திரும்பியது என்று மூன்று விதமாகவும் எடுக்கலாம். பேரரசன் சீட்டு ஒழுங்கும் பாதுகாப்பும். அது தடைபட்டால் தன் வீட்டையே காக்க முடியாத தலைவன். மிஞ்சினால் சர்வாதிகாரி. உள்ளே திரும்பினால், தன்னையே சிறை வைத்துக்கொண்ட கண்டிப்புக்காரன். ஒரே சீட்டில் மூன்று கதைகள் கிடைக்கும்போது எதிர்ச்சொல்லோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பேரரசன் ஆணுக்கு, பேரரசி பெண்ணுக்கு என்று விதி உண்டா?

கிடையாது. எங்களுடைய பேரரசன் சீட்டு ஒரு மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிக்குப் போயிருக்கிறது. கணக்கு நோட்டுதான் அவரது கவசம்.

துணைக் கதாபாத்திரங்களுக்கும் சீட்டு வேண்டுமா?

சிறிய சீட்டுகள் அதற்குத்தான். பெரிய சீட்டுகள் வாழ்க்கையின் திருப்பங்கள், சிறியவை அன்றாடம். பத்துக் கோல் சீட்டில் ஒருவன் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்குச் சுமை தூக்கிப் போகிறான். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு அம்மாவுக்கு அதைக் கொடுத்தோம். எட்டுக் காசில் ஒரு தொழிலாளி தலை நிமிராமல் காசுக்குப் பின் காசாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையிலோ குடியாத்தத்துத் தறிகளிலோ இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

ஐந்து காசு சீட்டில் ஒளிரும் தேவாலயச் சன்னலுக்கு வெளியே, பனியில், கந்தல் உடுத்திய இருவர் நடந்து போகிறார்கள். ஒருவர் கையில் ஊன்றுகோல். வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, மருத்துவமனைக்கு எதிர்த் தெருக்களில் வங்காளி எழுத்துப் பலகை மாட்டிய விடுதிகளைத் தேடி நடக்கும் குடும்பங்களைப் பார்த்த பிறகு எங்களுக்கு அந்தச் சீட்டை வேறு மாதிரி வரையத் தெரியவில்லை. பனி இருந்த இடத்தில் பகல் வெயில். அவ்வளவுதான் மாற்றம்.

சாமிகளைச் சூப்பர்ஹீரோவாக்கலாமா? குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் அப்படியே ஒரு படக்கதை போல இருக்கிறதே.

இருக்கிறது. வைகாசி முதல் நாள் அம்மனின் சிரசு தெருத்தெருவாக வந்து உடலோடு சேர்வதைப் பார்த்த எந்த ஓவியருக்கும் கை பரபரக்கும். இருந்தாலும் அம்மன் நாம் உருவாக்கிய கதாபாத்திரம் இல்லை. சீட்டைக் காட்டி உன்னிடம் இந்தக் குறை இருக்கிறது என்று அவளிடம் சொல்ல முடியுமா? குறை சொல்ல முடியாதவரை ஹீரோவாக வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. கூட்டத்தில் ஊர்வலம் பார்க்கிறவர், பம்பை அடிக்கிறவர், அன்றைக்கு மட்டும் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர் ஆகியோரை வரையுங்கள்.

கிளி ஜோசியச் சீட்டுகளை வைத்து இதையே செய்யலாமே?

தாராளமாக. ஆனால் அதில் பெரும்பாலும் சாமி படங்கள் என்பதால் மேலே சொன்ன சிக்கல் வரும். கிளி வேண்டாம், கூண்டில் நாட்டுக் கிளி வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தேர்ந்தெடுப்பதற்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை உருவலாமா?

ஹீரோ இன்னும் பிறக்காதபோது உருவுங்கள். சீட்டிலிருந்து ஆளைக் கட்டுவது நல்ல பயிற்சி. ஹீரோ ஏற்கெனவே இருந்தால் வேண்டாம், எந்தச் சீட்டு வந்தாலும் பொருந்துகிறது என்று உங்கள் மூளை சாதித்துவிடும். ஆளுக்கு ஒரு சீட்டு போதும் என்பதும் இதனால்தான். மூன்று சீட்டு கேட்கிறவரின் ஹீரோ இன்னும் யாரென்று முடிவாகவில்லை.

ஸ்மித் வரைந்த படங்களை எங்கள் படக்கதையில் அப்படியே அச்சிடலாமா?

அவர் 1951இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஓவியருடைய மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை, ஆகவே 1909ஆம் ஆண்டு மூலப் படங்களை இங்கே பயன்படுத்தத் தடை இல்லை. பிற்காலத்தில் வண்ணம் மாற்றி வெளியிட்ட பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம். கடையில் வாங்கிய கட்டை வருடி எடுத்து அச்சுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் வெற்றுப் பின்பக்கத்தை வெட்டி நாங்களே வரைந்த கட்டு ஒன்று இருக்கிறது. அதில் வாள் ஏழு மட்டும் காணவில்லை. ஏதோ ஒரு நோட்டுக்குள் அது இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் புதிதாக ஒன்று வரைந்து கொடுங்கள். படத்தில் ஐந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நழுவுவான், இரண்டு வாள்கள் தரையில் குத்தி நிற்கும்.